நாளைக்கென்று செய்த விளையாட்டு

சங்க மலரில் கணிப்பொறி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதுவும் துப்பாக்கி ஏந்திச் சுட்டுத் தள்ளும் விளையாட்டைப் பற்றி! சிலம்பையும் திருவாசகத்தையும் ஆய்ந்து கற்றறிந்தோர் எழுதும் பக்கங்களுக்கு அருகே இது இடம்பெறத் தகுமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆயினும் தலைநகரில் பிள்ளைகளை வளர்க்கும் நம் வீடுகளில், இரவு உணவுக்குப் பின் எந்த அறையின் கதவு சாத்தப்படுகிறது, அதனுள்ளிருந்து என்ன ஓசை வருகிறது என்பதை அறியாத பெற்றோர் இலர். அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய், மகனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்த ஓர் இரவைப் பற்றியதே இக்கட்டுரை. அன்றிரவு நான் கற்றுக்கொண்டது விளையாட்டைப் பற்றி மட்டும் அன்று.

கதை 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்து, நிலுவைத் தொகையில் 40 விழுக்காடு முதல் தவணையாகக் கைக்குக் கிடைத்த நேரம் அது. அந்தப் பணம் தில்லியில் எத்தனை மத்திய அரசு ஊழியர் வீடுகளில் குளிர்பதனப் பெட்டியாகவும் இருசக்கர வண்டியாகவும் மாறிற்று என்பதை அன்பர்கள் நன்கறிவர். என் வீட்டில் அது கணிப்பொறியாக மாறிற்று. மனைவி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றிருந்தாள். தனித்திருந்த நான் ஒரு சனிக்கிழமை நேரு பிளேஸ் அங்காடிக்குப் போனேன்.

அங்கே ஒரு கடையின் முகப்பில் பெரிய திரையொன்றில் கடல் விடிந்துகொண்டிருந்தது. ஆம், விடிந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்லவேண்டும். இருண்ட நீரின் மேல் மெல்லிய செம்மை படர்ந்து, மணலின் ஈரம் பளபளத்து, தென்னை ஓலைகளுக்கு இடையே கதிரொளி கோடு கோடாக விழுந்தது. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். ஐந்தாண்டுகளாகத் தில்லியின் பனிமூட்டத்திலும் புழுதியிலும் விடியலைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. திரைப்படம் என்றே முதலில் நினைத்தேன். கடைப்பையன் சுட்டியை அசைத்தான், கடற்கரை திரும்பிற்று. அப்போதுதான் அது விளையாட்டு என்பது விளங்கிற்று.

அதன் பெயர் ‘கிரைசிஸ்’. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள கிரைடெக் என்னும் நிறுவனம் உருவாக்கிய அது 2007 நவம்பரில் வெளிவந்தது. துருக்கியப் பின்னணியுடைய யெர்லி சகோதரர்கள் மூவர் நிறுவிய நிறுவனம் அது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. பசிபிக் பெருங்கடலில் ஒரு தீவு. அதைப் பிடித்துவைத்திருக்கும் வடகொரியப் படை. மாய உடை ஒன்றை அணிந்து வானிலிருந்து குதித்து இறங்கும் அமெரிக்க வீரன். அந்த உடைக்கு நான்கு ஆற்றல்கள்: கவசம், வலிமை, வேகம், கண்ணுக்குத் தெரியாமல் மறைதல். இக்கதை நடப்பது 2020 ஆகஸ்டில் என்று அந்நாளிலேயே எழுதிவைத்திருந்தார்கள். உண்மையான 2020 ஆகஸ்டில் நாம் அணிந்திருந்தது மாய உடை அன்று, முகக்கவசம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கதையைக் காட்டிலும் புகழ் பெற்றது அவ்விளையாட்டின் பெரும்பசி. எந்தக் கணிப்பொறியைக் கொண்டு வந்தாலும் அதற்குப் போதவில்லை. படத்தின் தரத்தைக் குறைவு, நடுத்தரம், உயர்வு, மிக உயர்வு என நான்கு படிகளில் அமைத்துக்கொள்ளலாம். அந்நாளின் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளுள் ஒன்றான ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ், பெரிய திரையில் நான்காம் படியில் ஓட்டினால் வினாடிக்கு 30 படங்களைக்கூடத் தரமுடியாமல் திணறிற்று. திரைப்படத்துக்கு வினாடிக்கு 24 படங்கள் போதும்; நம் கையசைவுக்கேற்ப உடனே மாறவேண்டிய விளையாட்டுக்கு 60 இருந்தால்தான் சீராக இருக்கும். ஆகவே புதிய கணிப்பொறி எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், ‘அதில் கிரைசிஸ் ஓடுமா?’ என்று கேட்பது உலகெங்கும் விளையாட்டுப் பிரியர்களிடையே ஒரு வேடிக்கை வழக்காயிற்று.

இது திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. விளையாட்டு மூப்படையக் கூடாது, இனி வரப்போகும் பொறிகளிலும் அது புதிதாகத் தோன்றவேண்டும் என்றே மிக உயர்ந்த தரத்தை அமைத்ததாக அந்நாளில் நிறுவனத்தின் தலைவராக இருந்த செவாட் யெர்லி பின்னாளில் விளக்கியிருக்கிறார். இன்றைய பொறிக்காக அல்ல, நாளைய பொறிக்காகச் செய்த விளையாட்டு அது. இந்தச் செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்று நான் வாங்கியது நாளைய பொறி அன்று, நேற்றைய பொறி. 2.2 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ செயலி. ஜீஃபோர்ஸ் 8400 ஜிஎஸ் என்னும், கிராபிக்ஸ் கார்டுகளில் கடைசி வரிசைக் கார்டு. பிரசவச் செலவை ஒதுக்கிவைத்துவிட்டு மிஞ்சிய பணத்துக்கு அதுவே கிடைத்தது. விளையாட்டின் தட்டையும் வாங்கிக்கொண்டு ஆசையுடன் வீடு வந்தேன். மிகக் குறைந்த தரத்தில், திரையைச் சிறிதாக்கி, தட்டுத்தடுமாறி ஓட்டினேன். கடல், வண்ணம் பூசிய தகரம்போல் கிடந்தது. தென்னைகளுக்கு நிழல் இல்லை. கடைமுகப்பில் பார்த்த விடியல் என் வீட்டில் விடியவே இல்லை. ‘ஒரு நாள் இதை முழுமையாகப் பார்ப்போம்’ என்று சொல்லிக்கொண்டு தட்டை உறையிலிட்டு வைத்தேன். சில வாரங்களில் மகன் பிறந்தான். அதன் பிறகு அந்தக் கணிப்பொறியில் வீட்டுக் கணக்கும் இரயில் முன்பதிவும் மட்டுமே நடந்தன.

*

2024இல், அந்த மகன் தன் சேமிப்போடு என் பங்கையும் சேர்த்து, உறுப்பு உறுப்பாக வாங்கித் தானே ஒரு கணிப்பொறியைக் கோத்தான். உறுப்புகளை வாங்கியது அதே நேரு பிளேசில். ஏஎம்டியின் ரைசன் 5 5600 செயலி, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. 2006இல் வெளிவந்த 8800 ஜிடிஎக்ஸ் கார்டுக்குள் 128 சிறு கணக்கீட்டுக் கோர்கள். 2023இல் வெளிவந்த இந்த 4060 கார்டில் 3,072. சரியாக 24 மடங்கு. ஒவ்வொன்றின் வேகமும் கூடியிருப்பதால், காகிதக் கணக்கில் மொத்தத் திறன் முப்பது, நாற்பது மடங்கு வரும். அத்தனைக்கும் இது அந்தப் பழைய கார்டைவிடக் குறைந்த மின்சாரத்தையே உண்கிறது; தன் வரிசையில் இது விலை குறைந்த கார்டும்கூட.

2025 ஜூனில் ஒரு சனிக்கிழமை இரவு, வெப்பத்தில் உறக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த நான், பரணிலிருந்து பழைய தட்டை எடுத்துக்கொண்டு மகனின் அறைக்குப் போனேன்.

“அப்பா, தட்டுப் போட இதுல இடமே கிடையாதே!” என்று சிரித்தான்.

உண்மைதான். இக்காலக் கணிப்பொறிகளில் தட்டு வாய் இல்லை. இணைய அங்காடியில் அவ்விளையாட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கி இறக்கினான். 2007இல் 12 கிகாபைட் இடம் கேட்டு வியக்க வைத்த விளையாட்டு, ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் வந்து சேர்ந்தது. ஆவலுடன் தொடங்கினோம். தொடங்கிய மறுகணமே அது மூர்ச்சையாகி விழுந்தது!

காரணத்தை மகன் அரைமணி நேரம் தேடிக் கண்டுபிடித்தான். 1998இல் ஏஎம்டி நிறுவனம் தன் செயலிகளில் ‘3டி நவ்’ என்னும் கட்டளைத் தொகுதி ஒன்றைச் சேர்த்தது. இனி வரும் செயலிகளில் அது இராது என்று 2010இல் அறிவித்துவிட்டது. கிரைசிஸின் 64 பிட் வடிவமோ, செயலி ஏஎம்டியினுடையது என்று கண்டவுடன், அக்கட்டளைகள் அதில் இருந்தே தீரும் என்று நம்பி அவற்றை ஏவுகிறது. புதிய செயலிக்கு அந்தப் பழைய மொழி விளங்குவதில்லை, விளையாட்டு விழுந்துவிடுகிறது. சொந்த ஊருக்குப் பல்லாண்டு கழித்துப் போய், பழைய அடையாளத்தைச் சொல்லி வழி கேட்டால், கேட்கப்பட்டவர் விழிக்கிறார் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். நல்லவேளையாக 32 பிட் வடிவமும் உடன் இருந்தது. அது ஓடிற்று.

மிக உயர்ந்த தரத்தில் அமைத்தோம். வீரன் கடலில் விழுந்தான், நீந்திக் கரையேறினான், மேட்டின் மேல் நின்றான். பதினேழு ஆண்டுகளுக்கு முன் கடைமுகப்பில் நான் கண்ட அந்த விடியல், ஒரு தடுமாற்றமும் இன்றி, என் வீட்டில் விடிந்தது. திரையின் மூலையில் வினாடிக்கு எத்தனை படம் என்பதைக் காட்டும் சிறு எண்ணை மகன் வைத்திருந்தான். அது நூறை ஒட்டி நின்றது. நான் யாரையும் சுடாமல் கடற்கரையோரமாக நடந்துகொண்டே இருந்தேன்.

“சுடாம என்னப்பா பண்றீங்க?”

“காற்று வாங்குகிறேன்” என்றேன்.

*

காற்று வாங்கியது சிறிது நேரந்தான். மகன் சுட்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு ஊர்ப்புறத்துக்குள் நுழைந்தான். குடிசைகள், வண்டிகள், பீப்பாய்கள், இருபது முப்பது எதிரிகள். ஒரு வெடி வெடித்ததும் குடிசை பலகை பலகையாகச் சரிந்தது. தென்னை நடுவில் முறிந்து சாய்ந்தது. அந்த எண் நூறிலிருந்து எழுபதாகி, ஐம்பதுக்கும் கீழே இறங்கிற்று. நான், “புதிய கார்டுக்கும் இது பெரும்பாரமாக இருக்கிறதே” என்றேன். மகன் வேறோர் எண்ணைச் சுட்டிக் காட்டினான்.

“அதுதான் வேடிக்கை. கார்டு பாதிக்கு மேல சும்மாதான் இருக்குப்பா!”

கார்டின் உழைப்பு அப்போது 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அப்படியானால் தாமதம் எங்கே? இதைப் புரிந்துகொள்ள நம் கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பார்த்தால் போதும். இலை இலையாகப் பரிமாறுவோர் கிராபிக்ஸ் கார்டின் கோர்கள். எந்தப் பண்டம், எந்த இலைக்கு, எவ்வளவு என்று அளந்து எடுத்துக் கொடுக்கும் உக்கிராணக்காரர் கணிப்பொறியின் செயலி. திரையில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும், பலகைக்கும், எதிரிக்கும் ‘இதை இங்கே வரை’ என்று செயலிதான் கார்டுக்குத் தனித்தனியே ஆணையிட வேண்டும். எதிரி எங்கே ஓடுவான், முறிந்த தென்னை எப்பக்கம் விழும் என்பதையும் அதுவே கணக்கிட வேண்டும். 2007இல் பரிமாறுவோர் 128 பேர். பந்தி தாமதமானால் பழி பெரும்பாலும் அவர்கள் மேல் விழுந்தது. இன்று 3,072 பேர் வெறுங்கையுடன் உக்கிராண வாசலில் நிற்கிறார்கள். உள்ளே ஒருவர் அளந்து முடித்தபாடில்லை.

‘ஒருவர்’ என்றேன். இங்கேதான் சூட்சுமம். மகனுடைய செயலியில் ஆறு கோர்கள். அதாவது ஆறு உக்கிராணக்காரர்கள். ஆனால் கிரைசிஸ் தன் பெரும்பாரத்தை ஒருவர் தலையில்தான் வைக்கிறது. சில்லறை வேலைகளை இன்னொருவருக்குக் கொடுக்கும். மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடவேண்டியதுதான். இத்தனை அறிவாளிகள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், அந்நாளில் அவர்கள் கண்ட உலகம் அப்படி. 1993இல் பென்டியம் செயலியின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். 2000 மார்ச்சில் செயலிகள் 1 கிகாஹெர்ட்சைத் தொட்டன. 2002 நவம்பரில் 3 கிகாஹெர்ட்சைத் தாண்டின. பத்தாண்டுக்குள் நாற்பது மடங்குக்கு மேல்! இந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் அது பத்து கிகாஹெர்ட்சுக்குப் போய்ச் சேரும் என்று செயலி செய்வோரே நம்பினார்கள். ஆகவே இன்று தடுமாறும் விளையாட்டு நாளைய வேகமான ஒற்றைக் கோரில் பறக்கும் என்று விளையாட்டுச் செய்தவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கோடு நீளவில்லை. 2004 நவம்பரில் 3.8 கிகாஹெர்ட்சை எட்டியதோடு பென்டியம் 4 நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் வடிவத்தை இன்டெல் அந்த ஆண்டிலேயே கைவிட்டது. காரணம் வெப்பம். சில்லுக்குள் உள்ள உறுப்புகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதே அளவுக்கு மின்செலவும் குறையும் என்ற பழைய நியதி உடைந்துவிட்டது. மேலும் வேகம் கூட்டினால் செயலி அடுப்பாகிவிடும். ஆகவே வழி மாறிற்று. 2005இல் இரட்டைக் கோர் செயலிகள் வந்தன; பின்னர் நான்கு, ஆறு, எட்டு என்று பெருகின. ஒற்றைக் கோர் அடியோடு நின்றுவிட்டது என்பதும் சரியன்று. ஒரு துடிப்பில் அது செய்யும் வேலை படிப்படியாகக் கூடிற்று. ஆயினும் 6 கிகாஹெர்ட்சை எட்டும் செயலியை இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்தது 2023இல்தான். பத்து கிகாஹெர்ட்ஸ் பொறி எவர் வீட்டுக்கும் வரவில்லை. நாளைக்கென்று செய்த விளையாட்டு காத்திருந்தது, நாளையும் வந்தது. ஆனால் அது எதிர்பார்த்த வாசல் வழியே வரவில்லை.

அடுத்தடுத்த இரவுகளில் மீதிக் கட்டங்களையும் ஆடினோம். கடைசிக்கு முந்தைய கட்டத்தின் பெயர் ‘அசென்ஷன்’. புயலுக்கிடையே மலைப்பள்ளத்தாக்கில் ஒரு வானூர்தியை ஓட்டிச் செல்லவேண்டும். அங்கே எண் நாற்பதுக்கும் கீழே போயிற்று. கார்டோ அரைத்தூக்கத்தில் இருந்தது. 2011இல் இவ்விளையாட்டு பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பொறிகளுக்கு வந்தபோது இந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 2020இல் வந்த புதுப்பதிப்பிலும் முதலில் இது இல்லை, பின்னரே சேர்த்தார்கள். நியாயம் கருதி இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்நிறுவனத்தார் தம் கணிப்பு பிழைத்ததைக் கண்டு பாடம் கற்றார்கள். 2013இல் வந்த மூன்றாம் பாகம், செயலியின் பல கோர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கக் கற்றிருந்தது.

*

அந்த முதலிரவின் முடிவில் மகன் உறங்கிய பின்பும் எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையாரின் நினைவு வந்தது.

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர் அவர். “விரல்ல வேகம் இருந்தா சோத்துக்குப் பஞ்சமில்லடா” என்பார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மறுவாரமே மயிலாடுதுறையில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் என்னைச் சேர்த்தார். கீழ்நிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், மேல்நிலைக்கு 45. மேல்நிலையில் தேறிய பிறகும் அவர் விடவில்லை. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்றார். அவர் பார்த்த உலகில் அந்தக் கோடு நேராக மேலே போயிற்று. வேகமாக அடிப்பவன் எழுத்தன். இன்னும் வேகமாக அடிப்பவன் அதிகாரிக்கு நெருங்கியவன். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றதை அவர் பெரிதாக எண்ணவில்லை; தட்டச்சுச் சான்றிதழைத்தான் சட்டம் போட்டு மாட்டினார்.

அவர் கணக்கு முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். அந்த விரல் வேகமே 2003இல் என்னைத் தில்லிக்குக் கொண்டுவந்தது; இன்றுவரை உண்ணும் சோறு அதனால் வந்தது. ஆனால் நான் வந்து சேர்ந்த அலுவலகத்தில் தட்டச்சுப்பொறிகள் உறை மூடி மூலையில் இருந்தன. அதிகாரிகள் தாமே கணிப்பொறியில் எழுதத் தொடங்கினார்கள். பின்னர் கோப்புகளே மின்கோப்புகளாயின. 2020இல் பாதிப்பேர் அலுவலகத்திலும் பாதிப்பேர் வீட்டிலுமாக இருந்து பணிசெய்த நாட்களில், நிமிடத்துக்கு எத்தனை சொல் அடிக்கிறாய் என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. பலர் பங்கிட்டுச் செய்யும் வேலையில் என் பங்கை எப்படிச் சேர்ப்பது என்பதே கேள்வியாக இருந்தது. ஒற்றை விரல் வேகத்தின் காலம் போய், பல கைகள் சேரும் காலம் வந்துவிட்டிருந்தது.

அந்தப் பயிலகத்தில் எனக்குக் கிடைத்தவற்றுள் இன்றும் பயன்படுவது வேகம் அன்று. பிழையின்றி அடிக்கும் ஒழுங்கும், ஓரம் விட்டு வரி பிரித்துப் பக்கத்தை அழகாக நிறுத்தும் பழக்கமும்தான். அவற்றை யாரும் தேர்வில் தனியே கேட்கவில்லை. ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தவை.

கிரைசிஸிலும் அப்படி ஒன்று உண்டு. சுவரும் தரையும் சேரும் மூலையில், அம்மியின் அடியில், இலைக்கொத்தின் உட்புறத்தில் ஒரு மெல்லிய இருள் தங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், கவனித்திருக்கமாட்டோம். அந்த இருள் இல்லாவிட்டால் பொருள் தரையில் ஊன்றி நிற்பதாகத் தோன்றாது, மிதக்கும். படத்தை வரையும்போது பதிவாகும் பொருள்களின் ஆழத்தைக் கொண்டே அந்த இருளைக் கணித்து இடும் ஒரு முறையைக் கிரைடெக்கில் பணியாற்றிய விளாதிமிர் கஜாலின் உருவாக்கினார். அதை முதலில் பயன்படுத்திய விளையாட்டு கிரைசிஸ். பின்னர் வந்த எண்ணற்ற விளையாட்டுகள் அம்முறையைப் பின்பற்றின. ஒற்றைக் கோரின் மீது வைத்த பெரிய நம்பிக்கை பொய்த்தது; மூலையில் இட்ட சிறு நிழல் நிலைத்தது. இன்றும் அந்தத் தீவு கண்ணுக்குப் பழையதாகத் தோன்றாததற்கு அந்நிழலும் ஒரு காரணம்.

*

இத்தனையும் எழுதிவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையன்று. அந்த ஜூன் இரவில் என் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. மகனைப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் சேர்த்திருந்தேன். இரண்டாம் தவணைக் கட்டணத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். கணிப்பொறி படித்தவன் வாழ்ந்தான் என்பதை நான் முப்பதாண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்தக் கோட்டை அப்படியே நீட்டி, அதன் முனையில் என் மகனை நிறுத்தியிருந்தேன். அவனுக்கு வரலாறு படிக்கவேண்டும் என்று ஆசை. இரண்டு முறை சொன்னான்; இரண்டு முறையும், “நானும் வரலாறுதான் படித்தேன், என்ன கண்டேன்?” என்று வாயடைத்தேன். மூன்றாம் முறை அவன் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனை அருகே அழைத்து, அறிவுரை எதுவும் கூறாமல், “உனக்கு ஏன் வரலாறு பிடிக்கிறது?” என்று கேட்டேன். முதலில் ஐயத்துடன் பார்த்தான். பிறகு பேசத் தொடங்கினான். கல்வெட்டுகளைப் பற்றி, அவற்றைப் படியெடுத்துக் கணிப்பொறியில் சேர்ப்பதைப் பற்றி, தில்லியில் நாம் அன்றாடம் பேருந்தில் கடந்துபோகும் பாழடைந்த மண்டபங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். நான் பி.ஏ. வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரலாற்றுக்கும் அவன் பேசிய வரலாற்றுக்கும் தொடர்பே இல்லை. என் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இத்தனை நாளா இதை ஏண்டா சொல்லல?” என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அந்தத் தவணையைக் கட்டவில்லை.

நான் செய்தது சரியா என்பதைக் காலம்தான் சொல்லவேண்டும். வரலாறு படித்தால் வாழ்வு சிறக்கும் என்று கோடு கிழித்து நீட்டினால் அதுவும் பழைய பிழையே ஆகும். பிள்ளைகளின் நாளையை நம்மால் முன்கூட்டி அறிய இயலாது. ஊரைவிட்டு ஆயிரத்தைந்நூறு மைல் வந்து வாழும் நமக்கு இது எவரையும்விட நன்கு தெரிந்திருக்க வேண்டும். நம் பெற்றோர் நமக்கென நினைத்த நாளையில் தில்லி இருந்ததா? ஒரே வேகத்தின் மேல் எல்லாவற்றையும் பந்தயம் கட்டாமல், செய்வதைப் பிழையின்றியும் ஈடுபாட்டுடனும் செய்யப் பழக்கினால், எந்த வாசல் வழியே நாளை வந்தாலும் அதனோடு சிறிது ஒத்துப்போகலாம் என்ற அளவில் என் மனம் அமைதியுறுகிறது.

சில இரவுகளில், வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்த பின், மகனிடம் அனுமதி கேட்டு அந்தத் தீவுக்குப் போய்வருகிறேன். ஊர்ப்புறத்துக்குள் நுழைவதில்லை, அங்கே எண் குறையும். மேட்டின் மேல் ஏறி நின்று, கடல் விடிவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.